13,500 ரூபா போய்விட்டது: "முழு அக்கவுன்ட்" என்று கேம் விற்பவர்களை நம்பாதீர்கள்

பேட்டில்ஃபீல்ட் 6 என்ற கணினிப் போர் கேமை வாங்கலாம் என்று நினைக்கும் மலையகத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டுக் காசைக் கையில் எடுங்கள். தீபாவளி நேரத்தில் என்னிடமிருந்து 13,500 ரூபாவை ஏமாற்றிப் பறித்துக்கொண்டார்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கேம் 2025 ஒக்டோபர் 10 ஆம் திகதி வெளியானது. அப்போது விலை 69.99 டொலர். நம் காசில் 20,000 ரூபாவைத் தாண்டியது. டொலரில் கட்டுவதற்கு என்னிடம் கார்டும் இல்லை. அப்போதுதான், கணினி கேம் விற்கும் ஒன்லைன் கடையான ஸ்டீமில் கேம் வாங்கி வைத்த அக்கவுன்டையே விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. "முழு அக்கவுன்ட், 13,500 ரூபா, வாழ்நாள் உத்தரவாதம்" என்று தமிழிலேயே போட்டிருந்தார்கள். காசு கொடுத்தவர்கள் அனுப்பிய நன்றி மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷொட் வரிசையாக இருந்தது. அதையெல்லாம் பார்த்தேன். அது மட்டும் போதாது என்று வட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அக்கவுன்ட் எனக்கு மட்டும்தானா? மெயிலை என் பெயருக்கு மாற்றித் தருவீர்களா? ஆட்டம் நின்றுபோனால் காசு திரும்பி வருமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

பிறகு விற்பவனிடமிருந்து ஒரு வொய்ஸ் நோட் வந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "தம்பி எந்தத் தோட்டம்? நானும் டிக்கோயா பக்கந்தான். நம்ம ஊர்ப் பிள்ளைய ஏமாத்தி நான் என்ன செய்யப் போறேன்? நம்பிப் போடுங்க." பேச்சு அப்படியே நம் பேச்சு. பின்னால் ஏதோ வீட்டில் சாமி பாட்டு ஓடுகிறது, ஒரு குழந்தை சிணுங்குகிறது. கொழும்பில் யாரோ முகம் தெரியாத ஆள் என்றால் நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். நம் ஆள் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். டிக்கோயா என்பது கூட உண்மையா என்று இப்போது தெரியவில்லை.

ஹட்டன் டவுனில் டிபொசிட் மெஷினில் 13,500 ரூபாவையும் போட்டு, ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். ஸ்லிப் போன அடுத்த நிமிடமே யூசர் நேமும் பாஸ்வேர்டும் வந்துவிட்டன. ஸ்டீமில் நுழையும்போது ஒரு கோட் கேட்கும் அல்லவா, அந்தக் கோட் அவன் மெயிலுக்குத்தான் போனது. அவன் பார்த்து எனக்கு அனுப்பினான். "மெயில் மாத்துறது நாளைக்குச் செய்வோம் தம்பி, புது அக்கவுன்ட், இன்னைக்கே மாத்தினா லொக் ஆயிடும்" என்றான். சரி என்று விட்டேன்.

அந்த 13,500 ரூபா எங்கள் வீட்டில் என்ன கணக்கு என்று சொல்கிறேன். அப்போது, 2025இல், தேயிலைத் தோட்டத்தில் அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 1,350 ரூபா. அம்மாவுக்குப் பத்து நாள் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தால்தான் அந்தத் தொகை வரும், அதிலும் ஈபிஎப் என்ற சேமலாப நிதிக்குப் பிடிக்காமல். மழை நாளில் கொழுந்து கிலோ குறைந்து அரைப் பேர் போட்டால் இன்னும் கூட நாள் வேண்டும். அம்மாவின் காசு இல்லை அது, நான் கடையில் நின்று சேர்த்தது. ஆனால் எங்கள் வீட்டில் எந்தக் காசையும் அந்தக் கணக்கில்தான் பார்ப்போம்.

கேமைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது நல்ல கேம் என்பதால்தான் வயிறு எரிகிறது. ஆட்டத்தில் கள்ள வேலை செய்பவர்களைத் தடுக்க இதில் ஒரு முறை இருக்கிறது, அதற்கு செக்யூர் பூட், அதாவது கணினி திறக்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் வசதி, கட்டாயம். என் பழைய மெஷினில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருந்தது, அதை ஜிபிடி என்ற புது அமைப்புக்கு மாற்றி, பயோஸ் என்ற மெஷினின் அடிப்படை செட்டிங்ஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறையை நிறுத்தி, பிறகுதான் திறந்தது. குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் கேட்கிறார்கள். என்னிடம் சரியாக அதே அளவுதான். செட்டிங்ஸைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடியது. இதற்கு முந்தைய கேமான பேட்டில்ஃபீல்ட் 2042இல் தூக்கிக் குழப்பிய நான்கு வகை வீரர்களையும் திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்கள். நான் எஞ்சினியராக டேங்க் பின்னாலேயே ஓடி ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். டேங்க் ஒரு சுவரை இடித்தால் சுவர் உண்மையாகவே விழுகிறது. சற்று முன் ஒளிந்திருந்த இடம் அடுத்த நிமிடம் வெட்டவெளி. சூடு பட்டு விழுந்தவனைச் சட்டையைப் பிடித்து மறைவுக்கு இழுத்துப் போய் எழுப்பலாம். இந்த வகைக் கேமில் எனக்கு இவ்வளவு பிடித்த விஷயம் வேறு இல்லை.

அப்படி ஒருவனை கேமில் வரும் கெய்ரோ ஆட்டக்களத்தில் ஒரு சந்துக்குள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கேம் மூடிக்கொண்டது. இந்த அக்கவுன்ட் வேறொரு கணினியில் பாவிக்கப்படுகிறது என்று காட்டியது. "எனக்கு மட்டும்" என்று விற்ற அக்கவுன்டில் வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்! என்னைப் போல எத்தனை பேரிடம் 13,500 ரூபா வாங்கினார்களோ. திரும்ப உள்ளே போகப் பார்த்தால் பாஸ்வேர்ட் மாறியிருந்தது.

அதற்குப் பிறகு அவன் பதில்களைப் பாருங்கள். முதலில் "சர்வர் பிரச்சினை தம்பி, கொஞ்சம் பொறுங்க." பிறகு "நீங்க பயோஸ்ல கைவச்சதாலதான் லொக் ஆயிருக்கு." செக்யூர் பூட் போடச் சொல்லி எனக்கு வீடியோ அனுப்பியதே அவன்தான்! பிறகு "அட்மின் தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டாரு." வாழ்நாள் உத்தரவாதம் என்றீர்களே என்று கேட்டேன். "உத்தரவாதம் அக்கவுன்டுக்குத்தான், லொகினுக்கு இல்ல" என்று எழுதினான். காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் பேச்சு நின்றது. நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேற்று என்னை ப்ளொக் செய்துவிட்டான். அவன் பக்கத்தில் நான் போட்ட கொமெண்டும் அழிந்துவிட்டது. அதே விளம்பரம் இப்போதும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டீம் விதிப்படி அக்கவுன்டை விற்கவோ கைமாற்றவோ கூடாது. விற்பவனுக்கு இது நன்றாகத் தெரியும். வாங்கியவன் ஸ்டீமிடம் முறையிட்டாலும், காசு கட்டிய ஆதாரம் முதல் உரிமையாளன் கையில் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் விற்கிறார்கள். வங்கியில் கேட்டேன். அடுத்தவர் கணக்கின் விபரம் தர முடியாது, பொலிஸ் என்ட்ரி போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நாளைக்குப் போகிறேன். ஸ்லிப், வொய்ஸ் நோட், மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன். லொகின் கோட் விற்பவன் மெயிலுக்குப் போகிறதா? அந்த அக்கவுன்டுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மெயிலை நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஸ்டீமில் நேராக வாங்கினால், 14 நாளுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். இவர்களிடம் அது எதுவும் கிடையாது. கார்ட் இல்லையென்றால் கார்ட் உள்ள, நேரில் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். ஸ்லிப்பைத் தொலைக்காதீர்கள்.

இதே மாதிரி 13,500 ரூபா கொடுத்து ஏமாந்தவர்கள் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நாளை பொலிஸுக்குப் போகும்போது ஒருவனாகப் போவதைவிட நாலு பேராகப் போனால் என்ட்ரியை எடுப்பார்கள்.