மாடல் 27: இலக்குப் பயிற்சிக்கு நெடுநாள் உழைக்கும் ரிவால்வர்

ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் மாடல் 27 ரிவால்வரை, அமெரிக்காவில் இலக்குப் பயிற்சிக்கென்றே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். என்னிடம் இருப்பது ஆறு அங்குலக் குழல் கொண்ட 27-2 என்ற பதிப்பு. 1982-க்கு முந்தைய தயாரிப்பு என்பதால், குழலைச் சட்டகத்தோடு பிணைக்கும் குறுக்கு ஊசியும், தோட்டாவின் விளிம்பு உள்ளே அமுங்கும்படி குடைந்த சிலிண்டர் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) அறைகளும் இதில் உண்டு. அந்த இரண்டுக்காகவும் இன்று கூடுதல் விலை கேட்கிறார்கள். ஆனால் துல்லியத்துக்கும் அவற்றுக்கும் பெரிய தொடர்பில்லை என்பதே என் கருத்து.

1935-இல் .357 மேக்னம் தோட்டாவோடு சேர்ந்தே பிறந்தது இந்த வடிவம். முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்கு வழங்கப்பட்டது; மாடல் 27 என்ற எண் 1957-இல்தான் வந்தது. நிறுவனத்தின் 'என்' வகைப் பெரிய சட்டகத்தில் செய்யப்பட்டதால் எடை சுமார் ஒன்றேகால் கிலோ. சட்டகத்தின் மேற்பட்டையிலும் குழலின் மேல் விளிம்பிலும் மிக நுண்ணிய கட்டங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பலரும் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். திறந்தவெளி மைதானத்தில் பிற்பகல் வெயிலில் குறிபார்க்கும்போதுதான், கண்ணைக் கூச வைக்கும் ஒளி அந்தப் பட்டையிலிருந்து எழாததன் அருமை தெரியும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. மேக்னம் துப்பாக்கியிலும் சுடக்கூடிய .38 ஸ்பெஷல் தோட்டாக்களை, அதாவது 148 கிரெயின் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள, முகம் தட்டையான வாட்கட்டர் குண்டு கொண்டவற்றை, மணல் மூட்டையில் கையைத் தாங்கி 25 கெஜ தூரத்தில் சுட்டால், ஆறும் இரண்டு அங்குலத்துக்குள் வழக்கமாக அடங்கிவிடுகின்றன. அந்தத் தூரத்துப் போட்டித்தாளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 3.36 அங்குலம் என்பதால், வளையத்துக்கு வெளியே போகும் குண்டுக்குத் துப்பாக்கியைக் குறை சொல்ல வழியில்லை. ஹேமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை) பின்னிழுத்து வைத்தபின், விரலால் அழுத்தும் விசை சிறிதும் இழுபடாமல், கண்ணாடித் துண்டு முறிவதுபோல் சட்டென விடுபடுகிறது. முன்பாரம் மிகுந்த குழல் குறியில் நிலைத்து நிற்கிறது. ஒற்றைக் கையால் சுடுபவருக்கு நெடுநேரப் பயிற்சியில் தோள் சலிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் .38 தோட்டாக்களையே தொடர்ந்து பயன்படுத்துவதற்கு ஒரு விலை உண்டு. அதன் பித்தளை உறை மேக்னம் உறையைவிட எட்டில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் குட்டையானது. ஆகவே உறையின் வாய் முடியும் இடத்தில், ஒவ்வொரு அறையிலும் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்துவிடுகின்றன. பிறகு மேக்னம் தோட்டாவைப் போட்டால் முழுதாக உள்ளே போகாது. அதை வலிந்து தள்ளுவது ஆபத்தானது. பயிற்சி முடிந்த அன்றே வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் கொண்டு அறைகளைத் தேய்த்துவிட்டால் இந்தத் தொல்லை தலைகாட்டாது.

வெற்றுறைகளை வெளியேற்றும் நட்சத்திரத் தகட்டின் அடியில் சிக்கும் வேகாத மருந்துத்துகள் இன்னொன்று. ஒரே ஒரு துகள் போதும், சிலிண்டர் இறுகிச் சுழல மறுக்கும். பொறியமைப்பே பழுதாகிவிட்டதோ என்று மனம் பதறும். குழலை வானம் பார்க்க நிமிர்த்தி வைத்து உறைகளைத் தள்ளினால் துகள்கள் அங்கே தங்குவதில்லை.

இத்தனை கனமான சட்டகத்தை மேக்னம் தோட்டாக்கள் எளிதில் தளர்த்திவிடுவதில்லை. அதே நிறுவனத்தின் சிறிய சட்டகம் கொண்ட மாடல் 19-இல், 125 கிரெயின் வேகத் தோட்டாக்களால் குழலின் பின்வாய் அடியில் விரிசல் காண்பதுண்டு. இங்கே அந்த இடத்தில் உலோகம் தாராளமாக இருக்கிறது. இதன் பலவீனம் சிலிண்டரின் எடையில் இருக்கிறது. ஹேமரை இழுக்காமல் விசையை மட்டும் விரைவாக அழுத்திச் சுடும்போது, பாரமான சிலிண்டர் வேகமாகச் சுழன்று, அதைத் தடுத்து நிறுத்தும் முளையின் மீது மோதி நிற்கிறது. அந்த மோதல் திரும்பத் திரும்ப நேர்ந்தால் அந்த முளை விழும் சிலிண்டர் பள்ளங்களுடைய விளிம்பு நசுங்கி, அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்பது கெடும். துல்லியம் குறைவதும், பக்கவாட்டில் ஈயத் துணுக்குகள் தெறிப்பதும் அதன் பிறகுதான். நிதானமாகச் சுடுவதையே பழக்கமாகக் கொண்டதால், என் துப்பாக்கியில் அந்தத் தேய்மானம் இன்றுவரை தென்படவில்லை.

பழையதை வாங்குபவர், முதலில் அது காலியென்று உறுதி செய்துகொண்டு, சிலிண்டரை விரலால் இலேசாகத் தடுத்தபடி ஹேமரை மெல்லப் பின்னிழுக்க வேண்டும். ஹேமர் நிலைகொள்ளும் முன்பே முளை பள்ளத்தில் விழும் ஒலி ஆறு அறைகளுக்கும் கேட்க வேண்டும். சிலிண்டர் முன்பின்னாக ஆடுகிறதா என்பதையும் அசைத்துப் பார்க்க வேண்டும். உள் பொறியமைப்பை மூடியிருக்கும் பக்கத் தகட்டின் விளிம்பில் நெம்பிய வடு இருந்தால், பழக்கமில்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். பளபளப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நான் வாங்க மாட்டேன். வேகப் போட்டிகளில் சுட விரும்புவோருக்கு இதே நிறுவனத்தின், இலகுவான சிலிண்டர் கொண்ட மாடல் 686 பொருத்தம். நிதானமாகத் தாளில் புள்ளி தேடுவோர் மாடல் 27-ஐத் தயங்காமல் வாங்கலாம்.