பழைய காருக்கு எந்த ஏர்ஃப்ளோ சென்சார் வாங்கலாம்?

என் பழைய பெட்ரோல் காரின் ஏர்ஃப்ளோ சென்சாரை, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் கருவியை, அண்மையில் மாற்றினேன். கடைக்குப் போனால் நான்கு வகை கிடைக்கிறது: கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது, அதே சென்சாரைச் செய்து கொடுத்த நிறுவனம் தன் பெயரில் விற்பது, பெயர் தெரியாத மலிவு நகல், காயலான் கடையில் கழற்றிய பழையது. நான் வாங்கியது இரண்டாவது வகை. மறுபடி வாங்க நேர்ந்தாலும் அதைத்தான் வாங்குவேன்.

முதல் வகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கார் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தச் சென்சாரைத் தாங்களே செய்வதில்லை. பாஷ், டென்சோ, ஹிட்டாச்சி போன்றவர்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. கழற்றிய சென்சாரைத் துடைத்துப் பார்த்தால் தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் தெரியும். அந்த எண்ணுக்குச் சரியான பாகத்தையே வாங்கினால், கூடுதலாகப் பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மலிவு நகலுக்கும்தான். நகல் விலை மிகக் குறைவு, பிளக் சரியாகப் பொருந்துகிறது, வண்டி உடனே கிளம்புகிறது. பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்?

சென்சாருக்குள் மெல்லிய கம்பியோ தகடோ சூடாக இருக்கிறது. கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கிறது. சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ அதுவே காற்றின் அளவு. பல பழைய வண்டிகளில் இது வோல்டேஜாக, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எஞ்சின் கணினிக்குப் போகிறது. எத்தனை வோல்ட் என்றால் நொடிக்கு எத்தனை கிராம் காற்று என்ற அட்டவணை கணினியில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அது அந்த ஒரு சென்சாருக்காக, அந்தக் குழாயின் விட்டத்துக்காக எழுதப்பட்டது. அந்த அட்டவணையை வரைந்தால் வரும் கோடு நேர்கோடும் அல்ல; மேலே போகப் போக வளைகிறது.

2 லிட்டர் எஞ்சின் ஐடிலிங்கில் நொடிக்கு ஏறக்குறைய 2 முதல் 4 கிராம் காற்றை இழுக்கும். முழு ஆக்சிலரேட்டரில் அது 100 கிராமை எட்டும். நகல் கீழ்முனையில் சரியாகச் சொல்லி, மேல்முனையில் குறைத்துச் சொன்னால் வீட்டு வாசலில் உங்களுக்கு எதுவும் தெரியாது. சீரான வேகத்தில் போகும்போதும், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பிழையைக் கண்டு கணினியைத் திருத்திவிடும். ஆனால் முழு மிதியில், ஏற்றத்தில், பாரத்தோடு போகும்போது பெரும்பாலான பழைய வண்டிகள் அந்தத் திருத்தத்தைக் கேட்பதில்லை. ஏர்ஃப்ளோ சென்சார் சொல்வதை அப்படியே நம்புகின்றன. அப்போதுதான் உள்ளே போகும் காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகிறது. காற்று குறைவு என்றால் சுமையும் குறைவு என்று கணினி எண்ணி, தீப்பொறியையும் முன்னதாகவே அடிக்கிறது. எஞ்சின் மிகக் கடுமையாக உழைக்கும் நேரத்தில் சூடும், எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதால் வரும் தட்டலும் சேர்ந்து வருகின்றன. சென்சாரில் மிச்சம் பிடித்த பணம் பிஸ்டனுக்கு ஈடாகாது. எல்லா நகலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டிக்கு வெளியிலிருந்து பார்த்து எது நல்லது என்று கண்டுபிடிக்க வழியில்லை என்பதே எனக்குப் போதுமான காரணம்.

எதை வாங்கினாலும், கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தத்தை ஐடிலிங்கிலும் ஓட்டத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். கணினி பெட்ரோலைக் கூட்டினால் அது பிளஸ், குறைத்தால் மைனஸ். என் பழைய சென்சாரில் ஐடிலிங்கில் சற்றே மைனஸ், வேகத்தில் நன்றாகவே பிளஸ். அழுக்கேறிய, வயதான சென்சாரின் வழக்கமான அடையாளம் இது. புதியது பொருத்தி ஓட்டியபின் இரண்டுமே பூஜ்யத்தை ஒட்டி நின்றன. இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் பெரிய பிளஸ் இருந்து வேகம் ஏற ஏறக் குறைந்தால், குற்றவாளி காற்றுக்கசிவு. சென்சாருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயைக் கையால் வளைத்து மடிப்புகளுக்குள் பாருங்கள். நேராக இருக்கும்போது மூடிக்கிடக்கும் வெடிப்பு அப்போதுதான் வாய் திறக்கும். காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று கணினி காட்டும் பி0171 பிழைக் குறியீடு இரண்டிலும் வரலாம், அதை மட்டும் நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

வாங்குவதற்கு முன் இந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் ஒரு முறை கழுவிப் பார்ப்பது நல்லது. பிரேக் கிளீனர் கூடாது, கம்பியில் விரலோ பஞ்சோ படக்கூடாது. எனக்குக் கழுவியும் பயன் இல்லை. பலருக்கு இத்துடனே வேலை முடிந்துவிடுகிறது.

காயலான் கடைச் சென்சாரில் எனக்கு அனுபவம் குறைவு. நண்பரின் வண்டியில் பொருத்தியதைப் பார்த்தேன், ஓடுகிறது. எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஆனாலும் பாக எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனால், நகலைவிட அதையே தேர்ந்தெடுப்பேன். அதன் அளவுக்கோடாவது கணினியின் அட்டவணைக்கு உரியது. சூடான கம்பிக்குப் பதிலாக, காற்று தள்ளும்போது மடல் திறந்து மூடும் மிகப் பழைய ஏர்ஃப்ளோ மீட்டர்களுக்குப் புதியது கிடைப்பதே அரிது என்பதால், அங்கே பழையதோ பழுதுபார்த்ததோதான் வழி. மூடியைத் திறந்து, மடலோடு நகரும் முள் உரசும் கரித்தடத்தில் தேய்மானம் எப்படி என்று பார்த்து வாங்க வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்கள் என் ஸ்கேனர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இந்தச் சென்சாரின் முக்கிய வேலை புகையைக் கட்டுப்படுத்துவதும், கழிவுப்புகையை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் அளவைத் தீர்மானிப்பதும்தான். எரிபொருள் திருத்தத்தை வைத்து மதிப்பிட முடியாது. பாக எண் பற்றிச் சொன்னது மட்டும் அவர்களுக்கும் பொருந்தும்.