மாநிலம் தாண்டும் சேமிப்புக் கூட்டணி: வலைப்பின்னலா, தேசிய அமைப்பா, அரசு ஒப்பந்தமா?

அமெரிக்காவில் ஏழைக் குடும்பம் நாலு காசு சேர்ப்பதற்கு வழிவிடுவதும் முட்டுக்கட்டை போடுவதும் பெரும்பாலும் மாநிலச் சட்டம்தான். ஓரிடத்தில் வென்ற சட்டத்தை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோக மூன்று வகைக் கூட்டணிகள் நடப்பில் உள்ளன: அமைப்புகள் தளர்வாகக் கைகோக்கும் வலைப்பின்னல், தேசிய அமைப்பு பணம் கொடுத்து நடத்தும் இயக்கம், மாநில அரசுகளே கையெழுத்திடும் ஒப்பந்தம். எதைக் கொண்டுபோகிறோம் என்பதைப் பார்த்துத்தான் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கையில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சேமிப்பு இருந்தால் உதவித்தொகை கிடையாது என்ற சொத்து வரம்பை நீக்குவதுதான் நோக்கம் என்றால் வலைப்பின்னலே போதும். 1996 நலத்திட்டச் சீர்திருத்தம் டான்ஃப் எனப்படும் ஏழைக் குடும்பப் பண உதவிக்கான சொத்து வரம்பை மாநிலங்களின் கையில் விட்டது. ஓஹையோ 1997-லும் வர்ஜீனியா 2003-லும் அதை அடியோடு எடுத்துவிட்டன. இதற்கு மாநிலங்களுக்கிடையே கூட்டு நிதியோ கூட்டு நிர்வாகமோ வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது, வரம்பு சட்டத்தில் இருக்கிறதா, துறை விதியில் இருக்கிறதா என்பது. விதியில் இருந்தால் மசோதாவே தேவையில்லை. அதைப் பார்க்காமல் வரைவு எழுத உட்கார்ந்தால் ஒரு கூட்டத்தொடர் வீணாகும். அடுத்த தடை, "பயனாளிகள் பெருகிவிடுவார்கள்" என்ற நிதித்துறைக் கணக்கு. அங்கே ஆர்வலர்கள் பேசுவதைவிட, வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் வேலையைக் கைவிட்ட மாநிலத்து அதிகாரி ஒருவர் வந்து சாட்சி சொன்னால் எடுபடும். அவரைக் கூட்டிவருவதே வலைப்பின்னலின் பெரிய உதவி.

இதன் பலவீனம், பொறுப்பாளி யாரும் இல்லாதது. ஒருங்கிணைப்பவர் வேறு வேலைக்குப் போனால் குழு கலைந்துவிடும். எல்லா மாநிலத்திலும் ஒரே மாதத்தில் மசோதா என்ற திட்டமும் தேறாது. டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள் மட்டுமே. மாதிரி மசோதாவை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து. சேமிப்பவர்களுக்குக் குலுக்கல் பரிசு தரும் திட்டத்தை 2009-ல் மிச்சிகன் கடன் சங்கங்கள் தொடங்கின. அதைப் பின்பற்ற விரும்பிய இடங்களில் இடைஞ்சல் வங்கிச் சட்டத்தில் மட்டும் இல்லை. சூதாட்டம், லாட்டரி பற்றிய விளக்கங்களிலும் இருந்தது. அவை ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு மாதிரி.

தேசிய அமைப்பின் பலம் பணம். ஆனால் அதில் சிக்கல் உண்டு. 501(சி)(3) எனப்படும் வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்புகள் மசோதாவுக்காகப் பேசலாம், அதாவது லாபி செய்யலாம். வரித்துறையிடம் படிவம் 5768 தாக்கல் செய்தால் அதற்கான செலவு வரம்பு தெளிவாகிவிடும். ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் செலவிடும் அமைப்பு அதில் 20 சதவீதம், அதாவது 1 லட்சம் டாலர் வரை லாபிக்குச் செலவிடலாம். பொதுமக்களைத் தூண்டிவிடும் பிரச்சாரத்துக்கு அதில் கால் பங்கு. தனியார் அறக்கட்டளைப் பணத்தை லாபிக்கென்றே குறித்துத் தர முடியாது. லாபி பதிவு விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம், 1998-ல் சட்டமான கூட்டுச் சேமிப்புத் திட்டம். ஏழைகள் போடும் பணத்துக்கு ஈடாகக் கூட்டிக்கொடுத்த அந்த மத்திய நிதி 2017-ல் நின்றுபோனது.

அரசு ஒப்பந்தத்தில்தான் விஷயம் அதிகம். முதலாளி ஓய்வுத் திட்டம் தராத ஊழியர்களுக்காக மாநிலம் நடத்தும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பதிவேடு, அழைப்பு மையம், சம்பளப் பிடித்தத்துக்கான இணைப்பு ஆகியவற்றின் செலவு இருப்பைப் பொறுத்து மாறாது. கணக்கு சில ஆயிரம்தான் என்றால் கட்டணம் எகிறும். அதனால்தான் 2023-ல் தொடங்கிய கொலராடோ திட்டத்தோடு மேய்ன், டெலவேர், வெர்மான்ட் சேர்ந்தன. நிர்வாக நிறுவனம் ஒன்றே. சட்டம், வாரியம், விதி மீறும் முதலாளி மீதான நடவடிக்கை அந்தந்த மாநிலத்துடையவை.

கோட்டைவிடும் இடம் சட்ட வரைவு. கொலராடோவில் ஊழியர் எதுவும் சொல்லாவிட்டால் சம்பளத்தில் 5 சதவீதம் பிடிக்கப்படும். சேர வரும் மாநிலம் தன் சட்டத்திலேயே 3 சதவீதம் என்று எழுதி வைத்திருந்தால், அதற்கென்று தனி அமைப்பு செய்ய வேண்டும். சேர்ந்ததன் லாபம் கரைந்துவிடும். விகிதம், கணக்கு வகை, தொடக்க நாள் ஆகியவற்றை வாரியத்திடம் விட்டுவிட்டு, "பிற மாநிலங்களோடு ஒப்பந்தம் செய்யலாம்" என்ற ஒரு வரியைச் சட்டத்தில் சேர்ப்பதே சரி. தலைமை மாநிலம் நிர்வாக நிறுவனத்தை மாற்றினால் கணக்குத் தரவு யார் கைக்குப் போகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதை எழுதாமல் விடுவது, வெளியேறும் கதவில்லாத வீட்டுக்குக் குடிபோவது மாதிரி.

மாற்றுத்திறனாளிகளுக்கான வரிச்சலுகைச் சேமிப்பான ஏபிள் கணக்கும் இதே தடத்தில் வந்தது. சொந்த மாநிலத்தில்தான் திறக்க வேண்டும் என்ற நிபந்தனை 2015 டிசம்பரில் நீங்கியது. அதன்பின் இல்லினாய் தலைமையில் பல மாநிலங்கள் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தன.

குழந்தைகளுக்கான சேமிப்புக்கு இந்த ஒப்பந்தப் பாதை உதவாது. கனெக்டிகட் தன் மாநில மருத்துவ உதவித் திட்டத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஒதுக்கும் 3,200 டாலரும், மேய்னில் ஒரு தனியார் அறக்கட்டளை தரும் 500 டாலரும் உள்ளூர்ப் பணம். அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடியது, பெற்றோர் விண்ணப்பிக்காமலே பிறப்புப் பதிவிலிருந்து கணக்கு தொடங்கும் முறை. அதற்குச் சுகாதாரத் துறைக்கும் சேமிப்புத் திட்டத்துக்கும் இடையிலான தரவுப் பகிர்வு ஒப்பந்தத்தின் வாசகத்தை வாங்கிக்கொண்டாலே பாதி வேலை முடியும்.