கொப்பரைத் தீவும் கிழங்குத் தீவும்

பொள்ளாச்சிக் கொப்பரைக் களத்துக்காரருக்கு, இந்தியப் பெருங்கடலில் தென்னந்தோப்புத் தீவாக இருந்த டியேகோ கார்சியா சட்டென்று புரியும். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்காரருக்கு, தெற்கு அட்லாண்டிக்கில் உருளைக்கிழங்கு விளையும் தீவான டிரிஸ்டன் ட குன்யா. இரண்டையும் ஆண்டது பிரிட்டன்தான், நடத்திய விதம்தான் வேறு.

டிரிஸ்டனில் 1816-இல் பிரிட்டிஷ் காவற்படை இறங்கியது. மறு வருசம் படை கிளம்ப, அதிலிருந்த வில்லியம் கிளாஸ் குடும்பத்தோடு தங்கிவிட்டார். இன்றைக்கும் விரல்விட்டு எண்ணிவிடலாம் அங்குள்ள குடும்பப் பெயர்களை. 1867-இல் எடின்பரோ கோமகன் வந்துபோனதால் ஊருக்கே எடின்பரோ என்று பெயர். 1961-இல் எரிமலை வெடித்து இங்கிலாந்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் 1963-இல் திரும்பிவிட்டார்கள்.

டியேகோ கார்சியா உள்ளிட்ட சாகோஸ் தீவுகளில் வாழ்ந்தவர்கள், தென்னந்தோப்பு வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். பல தலைமுறை கழித்து, அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1973-க்குள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். நிரந்தரக் குடிகளே இல்லை, எல்லாம் ஒப்பந்தக் கூலிகள் என்று சாதித்தது பிரிட்டிஷ் அரசு. வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகை விட்டுக் கொன்றார்கள். (கொப்பரைக் களம் பார்த்தவர்களுக்கு இதைப் படிப்பது சிரமம்.) மொரீஷியஸிலும் சேஷல்ஸிலும் வறுமையில் கிடந்து போராடும்போதுதான் 'சாகோசியர்' என்ற அடையாளம் இறுகியது.

என்னைக் கேட்டால், நம்மூர்க்காரர் முதலில் படிக்க வேண்டியது சாகோஸைத்தான். வேலை போனால் வீடும் போகும் என்பது வால்பாறை எஸ்டேட் லயங்களில் எல்லோரும் அறிந்த சங்கதி.