அம்மாவை உள்ளே உட்கார வைத்த மையம்: பெங்களூருவில் என் பையனின் 14 மாதங்கள்

ராமமூர்த்தி நகர், பானஸ்வாடி, கே.ஆர். புரம் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் யாராவது இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஏர்லி இன்டர்வென்ஷன் மையம், அதாவது வளர்ச்சியில் பின்தங்கும் சின்னக் குழந்தைகளுக்குச் சீக்கிரமே பயிற்சி தொடங்கும் இடம், தேடிக்கொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பையனுக்கு இப்போது மூன்றே முக்கால் வயது. இரண்டு வயது நான்கு மாதத்தில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு மையத்தில் மூன்று மாதம், இன்னொரு மையத்தில் 14 மாதம் ஆகிறது. இரண்டின் பெயரையும் இங்கே போடவில்லை. முதல் இடத்தோடு பணக் கணக்கு இன்னும் தீரவில்லை. இரண்டாவது இடத்தில் 22 குழந்தைகளுக்குத்தான் இடம், இப்போதே காத்திருப்போர் பட்டியல் ஓடுகிறது. பெயரைவிட அங்கே என்ன செய்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும், அதை நீங்கள் போகிற எந்த இடத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

பையன் பேசவில்லை என்பதைவிட, எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டான் என்பதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் சொம்பின் மேல் என் கையை வைப்பான், என் முகத்தைப் பார்க்கவே மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் அடுத்த அறையில் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், "அவங்க அப்பனே மூணு வயசு வரைக்கும் வாய் திறக்கல, ஆம்பளப் புள்ளைங்க லேட்டாதான் பேசும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அதை நம்பி ஏழெட்டு மாதம் விட்டுவிட்டேன். எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரைக்குமான குழந்தைகளுக்கு, மொத்தமே 20 கேள்வி, ஆம் இல்லை என்று பதில் சொன்னால் போதும், தமிழிலும் கன்னடத்திலும்கூடக் கிடைக்கிறது. அதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, ஆனால் டாக்டரிடம் போக வேண்டுமா என்பது தெரிந்துவிடும். ஒன்றரை வயது ஊசி போடப் போனபோது யாராவது அதை என் கையில் கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

முதல் மையம் பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி, வரவேற்பில் காபி. முதல் நாளே 60 செஷன் பேக்கேஜ், 54,000 ரூபாய், முழுதும் முன்பணம், ரீஃபண்ட் கிடையாது. ஆறு மாதத்தில் வழக்கமான பள்ளிக்கு அனுப்பும் அளவுக்கு ஆக்கிவிடுவோம் என்று சொன்னார்கள், அந்த வாரத்தில் அந்த வார்த்தையை யார் சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரு செஷன் 45 நிமிடம், நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கதவுக்குப் பின்னால் அவன் அழுவது கேட்கும். முடிந்ததும் "டுடே ஹி வாஸ் குட் மம்மி" என்று ஒரு வரி சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதத்தில் மூன்று தெரபிஸ்ட் மாறினார்கள், ஒவ்வொருவரும் அதே வண்ண வளையங்களிலிருந்துதான் மறுபடி ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என்னால் இன்னும் மறக்க முடியாதது அவர்கள் சொன்ன ஒரே ஒரு அறிவுரைதான்: வீட்டில் தமிழை நிறுத்துங்கள், பல மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள். எங்கள் வீடு எப்படிப்பட்டது என்றால், நானும் அவரும் வேலைக்குப் போனால் பகல் முழுக்க அவனோடு இருப்பது அத்தைதான். கிருஷ்ணகிரிப் பக்கம் கிராமத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவர். அவர் என்ன ஆங்கிலம் பேசுவார்? எங்கே தான் பேசி பேரனைக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து பேசுவதையே நிறுத்திவிட்டார். குளிப்பாட்டும்போது பாடுகிற பாட்டு நின்றது, சோறு ஊட்டும்போது சொல்கிற காக்கா கதை நின்றது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது பாட்டியும் பேரனும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அந்த இடத்தை விடுவதென்று முடிவு செய்தேன்.

அவர்கள் சொன்னது தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கோ பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டில் இருக்கிறவர்கள் எந்த மொழியில் தங்குதடையில்லாமல் அதிகம் பேசுவார்களோ அந்த மொழிதான் அந்தக் குழந்தைக்கு வேண்டும். பெங்களூருவில் இருக்கிற நம் வீடுகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என்னைப் போல இதே அறிவுரை கேட்டுத் தமிழை விட்டுவிட்ட நான்கு அம்மாக்களை இதுவரை சந்தித்துவிட்டேன்.

இரண்டாவது மையம் ஒரு பழைய வீட்டின் முதல் மாடி. ஏசி இல்லை, காபி இல்லை. போனவுடன் கேட்ட முதல் கேள்வி, காது பரிசோதனை ஆயிற்றா என்பது. இல்லை என்றேன். முதலில் பெரா என்கிற காது கேட்புப் பரிசோதனை எடுத்துவிட்டு வாங்க, காது கேட்காமல் பேச்சு வரவில்லையா என்பது தெரியாமல் நாங்கள் எதுவும் தொடங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 54,000 வாங்கியவர்கள் இதைக் கேட்கவே இல்லை. காது சரியாக இருந்தது. அப்புறம் போன இரண்டாவது நாள் ஒன்றரை மணி நேரம் எங்களைத்தான் பேசவைத்தார்கள்: காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை என்ன செய்வான், எதற்கு அழுவான், எதற்குச் சிரிப்பான், என்ன சாப்பிடுவான், யாரிடம் ஒட்டுதல் அதிகம். பாட்டியிடம்தான் என்றதும், அப்படியென்றால் அடுத்த முறை பாட்டியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரில்லாமல் திட்டம் போட முடியாது என்றார்கள்.

பாட்டி வந்த அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் எஜுகேட்டர் மிஸ் கோலார்க்காரர், கன்னடம் தாய்மொழி, தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவனுக்குப் பிடித்த முறுக்கைப் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் ஆட்டிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், தரையில் தட்டினான். அத்தையின் கை தானாக நீண்டது. "பாட்டி, நீங்க திறக்க வேணாம், அவன் கேக்கட்டும்" என்று மிஸ் மெதுவாகத் தடுத்தார். அவன் டப்பாவை மிஸ்ஸின் மடியில் வைத்தான். மிஸ் அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, கையை விரித்துக் காட்டி, "தா" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன், பத்து வரை போனது. ஒரு நொடி, ஒரே நொடி, அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். உடனே மூடி திறந்தது, ஒரு துண்டு கையில் வந்தது, டப்பா மறுபடி மூடியது. சொல் வரவில்லையே என்று நான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தானே, இன்றைக்கு அதுதான் கேள்வி, அதற்குத்தான் பதில் கொடுத்தேன் என்றார் மிஸ். ஏன் "தா" என்றும் கேட்டேன். வீட்டில் நீங்கள் எல்லோரும் சொல்வது எது, "வேணும்"தானே, அது அவன் வாய்க்கு இப்போது கஷ்டம், "தா" ஒரே அசை, நாக்கு பல்லைத் தொட்டாலே வந்துவிடும் என்றார். மைய வேலையையும் அடுக்களையையும் இப்படிச் சேர்த்துக் கட்டியதை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முறுக்கு, திராட்சை, தண்ணீர் பாட்டில் எதற்கும் மூடி திறந்திருப்பதில்லை. அத்தைக்குப் பாட்டும் கதையும் திரும்ப வந்தன. 19வது நாள் காலையில், நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து "தா" என்று ஒரு குரல் கேட்டது.

திட்டம் இப்படி: திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு. நான்கு எஜுகேட்டர்கள், வாரத்தில் மூன்று நாள் ஸ்பீச் தெரபிஸ்ட், இரண்டு நாள் ஓ.டி., அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தனிப் பயிற்சி கொஞ்சம், மீதி எல்லாம் குழுவாக: வட்டமாக உட்கார்ந்து பாட்டு, சேர்ந்து சாப்பிடுவது, முறை வரும்வரை காத்திருப்பது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டு ஆள் ஒருவர் உள்ளே உட்கார்ந்தே ஆக வேண்டும், அது அம்மாவா அப்பாவா பாட்டியா என்பது நம் விருப்பம். மூன்று மாதத்துக்கு ஆறே ஆறு இலக்குதான் எழுதுகிறார்கள், எல்லாம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. பேச்சு மேம்பாடு என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஐந்தில் மூன்று முறை திரும்ப வேண்டும் என்று எழுதுகிறார்கள். எங்கே படித்தீர்கள் இதையெல்லாம் என்று கேட்டபோது, சென்னை தி.நகர் மதுரம் நாராயணன் மையத்தின் உபநயன் திட்டத்தையும், இங்கேயே பெங்களூருவில் பேச்சு மொழி வல்லுநர் பிரதிபா காரந்த் உருவாக்கிய காம் டீல் முறையையும் சொன்னார்கள். உபநயனில் உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்வது, மொழி, அறிவு, பழகுவது என்று ஐந்து துறையாகப் பிரித்துப் பட்டியல் இருக்கிறது, வீட்டிலேயே அம்மா செய்யும்படி அமைத்தது.

குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்ல வேண்டும். லிஃப்ட் இல்லை. செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ள இரண்டு குழந்தைகளை அவர்களுடைய அம்மாக்கள் தினமும் தூக்கிக்கொண்டுதான் மாடி ஏறுகிறார்கள், குழந்தை வளர வளர அது எப்படி முடியும்? சிறப்புக் குழந்தைகளுக்கான இடம் கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும், வாடகை கட்டுப்படியாகவில்லை என்ற பதில் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இது சரியில்லை. அறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டும்தான் வருகின்றன, ஒவ்வொரு முறையும் நான் உட்கார்ந்து அத்தைக்குப் படித்துச் சொல்கிறேன். மே மாதம் முழுக்க விடுமுறை. போன மே முடிந்து திரும்பியபோது வட்டத்தில் உட்காரும் பழக்கமே போய்விட்டது, ஜூன் முழுதும் அதை மீட்கவே சரியாகிவிட்டது. ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு முறை மாறினார், அதை இரண்டு வாரம் முன்பே சொல்லிப் புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கினார்கள் என்பதால் பெரிதாகப் பாதிக்கவில்லை.

கட்டணம் மாதம் 14,000. குறைவில்லை. ஆனால் மாதாமாதம் கட்டலாம், நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தலாம். நான் கணக்கு வேலையில் இருப்பவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று ஊனச் சான்றிதழ் இருந்தால், 80டிடி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிக் கழிவில் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் வரை கொடுக்கிறது, தெரபி செலவும் அதில் வரும். சான்றிதழ் எடுத்தால் முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும் என்று என் கணவரே முதலில் மறுத்தார். அது குழந்தையின் உரிமைக்கான தாள், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகையில் ஆட்டிசமும் ஒன்று, 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி கேட்கவும் அந்தத் தாள்தான் வேண்டும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

மாதம் 14,000 முடியாது என்றால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற பெயரில் 2013ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து பார்க்கும், அங்கிருந்து மாவட்ட ஏர்லி இன்டர்வென்ஷன் மையத்துக்கு அனுப்புவார்கள், செலவில்லை. மதிப்பீட்டுக்கு நிம்ஹான்ஸில் குழந்தை மனநலத் துறை இருக்கிறது, காது, பேச்சு என்றால் மைசூரில் 1965லிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் இரண்டு விஷயம் மட்டும் கேட்டுவிடுங்கள். எஜுகேட்டருக்கும் ஸ்பீச் தெரபிஸ்டுக்கும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று ஒன்று. நான் உள்ளே உட்காரலாமா என்று இன்னொன்று. இரண்டாவதற்கு முடியாது என்று சொன்னால், குழந்தை அழும், கவனம் சிதறும் என்று என்ன காரணம் சொன்னாலும், நான் அங்கே என் குழந்தையை விட மாட்டேன்.

பையன் இப்போது 30 சொல் வரைக்கும் சொல்கிறான், அதில் நான்கைந்து கன்னடம், "பேகு" (வேணும்), "பேடா" (வேணாம்) எல்லாம் வட்டத்தில் பிடித்துக்கொண்டவை. யாரும் குழம்பிப்போகவில்லை. நிலாவை விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பி என்னைப் பார்க்கிறான்.

உங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவீர்கள் என்றால் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மையத்தில் இப்போது தமிழுக்கென்று தனியாக ஒரு படச்சொல் அட்டைக் கட்டு இருக்கிறது, தா, வா, போ, பால், பூ, மாமா என்று சின்னச் சின்னச் சொற்கள். படங்களை மிஸ் ஒட்டினார். சொற்களை ஸ்கெட்ச் பேனாவில் குண்டு குண்டாக எழுதியது எங்கள் அத்தை.