ஹன்ச்பேக் 4ஜி: 50 டன்னுக்குள் ஒரு கணக்கு

மெக்வாரியர் ஆன்லைன் விளையாட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. கையில் இப்போது நிறைய மெக்குகள் (நாம் ஓட்டும் ராட்சதப் போர் இயந்திரங்கள்) இருந்தாலும், உட்கார்ந்ததும் முதல் ஆட்டத்துக்கு நான் எடுப்பது 50 டன் மெக்கான ஹன்ச்பேக் 4ஜி-யைத்தான். அதன் லோட்அவுட்டை, அதாவது அதில் பொருத்தும் ஆயுதம், எஞ்சின், கவசம் எல்லாவற்றையும், எப்படி அமைத்திருக்கிறேன், நாள்பட ஆடியதில் எது நிலைத்தது, எதைக் கழற்றிப் போட்டேன் என்பதை எழுதலாம் என்று தோன்றியது. புதிதாக வருகிறவர்கள் பலரும் ஆயுதத்தில் தொடங்கி ஆயுதத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஒரு நல்ல லோட்அவுட் அமையவே அமையாது.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013-இல் வெளிவந்த இலவச ஆன்லைன் போர் விளையாட்டு இது. 1980-களில் வந்த பேட்டில்டெக் என்ற மேசை விளையாட்டின் உலகத்தை எடுத்துக்கொண்டு கட்டியது. வழக்கமான ஆட்டத்தில் 12 பேருக்கு 12 பேர் மோதுவோம். ஆளுக்கு ஒரு ராட்சத இயந்திரம். 20 டன் குட்டி மெக்கிலிருந்து 100 டன் வரை இருக்கிறது. செத்தால் அந்த ஆட்டம் அவ்வளவுதான், மறுபடி உயிர்த்து வர முடியாது. அதனால்தான் களத்தில் இறங்கும் முன் மெக்லேப்பில் (மெக்கை மாற்றியமைக்கும் பட்டறைத் திரை) செய்கிற வேலைக்கு இவ்வளவு மதிப்பு.

மெக்லேப்பில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது மொத்த எடை. இரண்டாவது ஸ்லாட், அதாவது ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் இருக்கும் இடம். மூன்றாவது ஹார்ட்பாயிண்ட்: எந்த உறுப்பில் எந்த வகை ஆயுதத்தை எத்தனை பொருத்தலாம் என்பது. 4ஜி-யில் வலது டார்ஸோவில் (தோளை உள்ளடக்கிய உடற்பகுதி) மூன்று பாலிஸ்டிக் (பீரங்கி வகை), கைக்கு ஒன்றாக இரண்டு எனர்ஜி (லேசர் வகை), தலையில் ஒரு எனர்ஜி. ஹார்ட்பாயிண்டை மாற்ற முடியாது. மற்ற இரண்டோடும்தான் நாம் மல்லுக்கட்ட வேண்டும்.

கடையில் வாங்கும்போது 4ஜி இப்படி வருகிறது: வலது தோளில் ஒரு ஏசி/20 பீரங்கி, கைகளில் இரண்டு மீடியம் லேசர், தலையில் ஒரு ஸ்மால் லேசர், 200 ரேட்டிங் சாதாரண எஞ்சின், சூட்டை வெளியேற்றும் 13 சாதாரண ஹீட் சிங்க், 10 டன் கவசம், பீரங்கிக்கு 2 டன் குண்டு. வேகம் மணிக்கு 64.8 கி.மீ. கூட்டிப் பார்த்தால் சரியாக 50 டன் வரும். ஒரு அரை டன்கூட மிச்சமில்லை. ஆனால் அந்த வேகத்தில் 270 மீட்டருக்குள் போய் அடிக்க வேண்டிய பீரங்கியைச் சுமப்பது கஷ்டம். எதிரி அணியில் நீண்ட தூர ஆயுதம் வைத்திருக்கும் நான்கு பேர் போதும், நாம் நெருங்குவதற்குள் தோள் போய்விடும்.

நான் எப்போதும் கவசத்தில்தான் தொடங்குவேன். 50 டன் மெக்குக்கு அதிகபட்சம் 338 புள்ளி கவசம். ஒரு டன்னுக்கு 32 புள்ளி. ஆக 10.5 டன் போட்டால் 336 வந்துவிடும், கிட்டத்தட்ட முழுக் கவசம். புதியவர்கள் எடை போதவில்லை என்றதும் முதலில் கை வைப்பது இதில்தான், அதிலும் காலில். கிட்டே போய்ச் சண்டை போடுகிற மெக்கில் அதைச் செய்யக் கூடாது. இடது கையில் ஒரே ஒரு லேசர்தான் இருக்கிறது, அதற்கு எதற்கு 32 புள்ளி என்று கேட்பார்கள். அந்தக் கையின் உண்மையான வேலை அடி வாங்குவது. பீரங்கியைச் சுட்டதும் உடம்பைத் திருப்பி இடது தோளையும் இடது கையையும் எதிரிக்குக் காட்ட வேண்டும். அடுத்த குண்டு தயாரானதும் மறுபடி நேராகத் திரும்ப வேண்டும். இந்தத் திருப்பம் கைவந்துவிட்டால் அதே 336 புள்ளி இரண்டு மடங்கு நேரம் தாங்கும்.

முன்பக்கக் கவசத்தையும் பின்பக்கக் கவசத்தையும் எப்படிப் பிரிப்பது என்பதும் நம் கையில்தான். நடு டார்ஸோவுக்கு மொத்தம் 64 புள்ளி. நான் அதில் பெரும்பகுதியை முன்னால் வைத்துவிட்டு, முதுகுக்கு 10 விடுகிறேன். எடை குறைந்த லைட் மெக்குகள் முதுகுக்குப் பின்னால் வந்து குத்தும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அணியோடு சேர்ந்து நகர்கிறவனுக்கு அந்த ஆபத்து குறைவு.

அடுத்தது எஞ்சின். இந்த மெக்கின் சுவாரசியமே இங்கேதான் இருக்கிறது. வேகத்தின் கணக்கு எளிது: எஞ்சின் ரேட்டிங்கை மெக்கின் எடையால் வகுத்து 16.2-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 250 ரேட்டிங் போட்டால் 81 கி.மீ. நான் எதிர்பார்க்கிற வேகம் அதுதான். ஆனால் சாதாரண 250 எஞ்சின் 12.5 டன். எக்ஸ்எல் எஞ்சின் என்றால் அதில் ஏறக்குறைய பாதி, 6.5 டன். ஆறு டன் மிச்சமாகிறது என்றால் யாருக்கும் ஆசை வரும்.

இங்கே ஸ்லாட் குறுக்கே வருகிறது. பக்கவாட்டு டார்ஸோவில் மொத்தம் 12 ஸ்லாட். இன்னர் ஸ்பியர் (ஆட்டத்தின் இரு பிரிவுகளில் ஹன்ச்பேக் சேர்ந்தது) எக்ஸ்எல் எஞ்சின் ஒவ்வொரு பக்கமும் 3 ஸ்லாட்டைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் 9. ஏசி/20-க்கு வேண்டியது 10. ஒரே ஒரு ஸ்லாட் பற்றாக்குறை! பீரங்கியைப் பாதி பாதியாகப் பிரித்து அடுத்த உறுப்பில் வைக்கவும் வழியில்லை. ஆக, ஏசி/20 வேண்டும் என்றால் எக்ஸ்எல் கிடையாது. இடம் இருந்தாலும் நான் போட மாட்டேன். எக்ஸ்எல் வைத்த இன்னர் ஸ்பியர் மெக்குக்கு ஒரு பக்க டார்ஸோ போனாலே உயிர் போய்விடும். ஹன்ச்பேக்கின் வலது தோளோ மலைபோல எழுந்து நிற்கிறது. கண் தெரிகிற எல்லாரும் முதலில் அடிப்பது அதைத்தான்.

2017-இல் லைட் ஃப்யூஷன் எஞ்சின் வந்த பிறகு இந்தச் சிக்கல் அவிழ்ந்தது. அது பக்கத்துக்கு 2 ஸ்லாட்தான் எடுக்கும். 12-இல் 2 போனால் 10. ஏசி/20 அதற்குள் இழை பிசகாமல் உட்காருகிறது. 250 ரேட்டிங்குக்கு எடை 9.5 டன், சாதாரண எஞ்சினைவிட 3 டன் குறைவு. ஒரு பக்கம் போனாலும் மெக் சாகாது. வேகம் குறையும், சூடு கூடும், ஆனால் நடந்துகொண்டிருக்கும். தோள் போன பிறகு இடது கை லேசரையும் தலை லேசரையும் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் கடைசி நிமிடம் வரை தாக்குப்பிடிக்கலாம். ஏற்கெனவே அடிபட்ட எதிரியை முடிக்க அந்த இரண்டு லேசர் தாராளமாகப் போதும்.

250 ரேட்டிங்கைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. எந்த மெக்குக்கும் குறைந்தது 10 ஹீட் சிங்க் வேண்டும். 250-இல் அந்தப் பத்தும் எஞ்சினுக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குக் கீழே இறங்கினால் குறைகிறதை வெளியே வைக்க வேண்டும். சாதாரணத்தைவிட அதிகம் குளிர்விக்கும் டபுள் ஹீட் சிங்க் ஒவ்வொன்றும் 3 ஸ்லாட் தின்னும்.

சரி, எடையைக் குறைக்க வேறு வழி? எண்டோ ஸ்டீல். எலும்புக்கூட்டின் எடை 5 டன்னிலிருந்து 2.5 ஆகிறது, விலையாக 14 ஸ்லாட். அந்த ஸ்லாட்டுகள் எங்கே காலி இருக்கிறதோ அங்கே தாமாகப் பரவிக்கொள்ளும் என்பதால் தொந்தரவில்லை. ஃபெரோ ஃபைப்ரஸ் கவசத்துக்கும் அதே 14 ஸ்லாட்தான், ஆனால் 10.5 டன் கவசத்தில் அது மிச்சப்படுத்துவது ஒரு டன்னைச் சற்றே தாண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் எண்டோதான். இதில் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். எண்டோ 2.5, கைரோ (சமநிலைக் கருவி) 3, எஞ்சின் 9.5, காக்பிட் 3, ஏசி/20 14, கவசம் 10.5. மொத்தம் 42.5. மிச்சமுள்ள 7.5 டன்னில் மூன்று மீடியம் லேசர் 3 டன், குண்டு 3.5 டன், கூடுதலாக ஒரு டபுள் ஹீட் சிங்க் 1 டன். தலையிலிருந்த ஸ்மால் லேசரை எடுத்துவிட்டு அங்கேயும் மீடியம். குண்டு முழுவதையும் கால்களில் வைத்துவிட்டேன். காலுக்கு இரண்டாக நான்கு ஸ்லாட் காலி, 3 டன்னும் ஒரு அரை டன்னும் அந்த நான்கில் அடங்குகின்றன. டார்ஸோவில் வைத்தால் கவசம் கழன்ற பிறகு குண்டு வெடித்து எஞ்சினையும் சேர்த்துக்கொண்டு போகும். காலை யாரும் முதலில் குறிவைப்பதில்லை. கால் கவசத்தில் கை வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மீடியம் லேசரின் தூரம் 270 மீட்டர், ஏசி/20-இன் தூரமும் 270 மீட்டர். இது முக்கியம். எல்லா ஆயுதமும் ஒரே தூரத்தில் பேச வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று நீண்ட தூர ஏவுகணை (எல்ஆர்எம்) ஒன்று, கிட்டத்துக்கு ஒரு பீரங்கி என்று கலந்து வைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். 180 மீட்டருக்குள் எல்ஆர்எம் வேலைக்கே ஆகாது, 500 மீட்டரில் ஏசி/20 வலு இழந்துவிடும். எங்கே நின்றாலும் பாதி எடை வெறும் சுமைதான்.

மூன்று பாலிஸ்டிக் இடம் இருப்பதால் வேறு வழிகளையும் ஆடிப் பார்த்திருக்கிறேன். ஏசி/20-ஐவிடச் சிறிய ஏசி/5 பீரங்கி இரண்டு வைத்தால் 8 ஸ்லாட். தூரமும் கிடைக்கும், எக்ஸ்எல் எஞ்சினும் பொருந்தும். தள்ளி நின்று ஆடுகிறவர்களுக்கு அது நல்ல அமைப்பு. காந்த விசையால் குண்டை எறியும் காஸ் ரைபிளும் 7 ஸ்லாட்டில் நுழைந்துவிடும், சூடும் ஏறக்குறைய கிடையாது. ஆனால் காஸ் உடைந்தால் வெடிக்கும். வெடித்தால் அந்த டார்ஸோ போகும், அங்கே எக்ஸ்எல் இருந்தால் மெக்கே போகும். அந்தச் சேர்க்கையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

களத்தில் இது எப்படி ஆடுகிறது? பீரங்கி தோள் உயரத்தில், காக்பிட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மேட்டின் மேல் தலையை மட்டும் காட்டிச் சுடலாம். ஆயுதம் வலப்பக்கம் என்பதால் கட்டடம் எப்போதும் என் இடது கைப்பக்கம் இருக்கும்படி நிற்பேன். ஒரு அடி வெளியே வந்தால் பீரங்கி எதிரியைப் பார்க்கும், உடம்பின் பெரும்பகுதி மறைவில் இருக்கும். ரிவர் சிட்டி, க்ரிம்ஸன் ஸ்ட்ரெய்ட் ஆகிய வரைபடங்களில் (போர்க்களங்கள்) இது அருமையாக வேலை செய்கிறது. போலார் ஹைலேண்ட்ஸ் போன்ற வெட்டவெளியில் முதல் சில நிமிடங்கள் பள்ளங்களை ஒட்டியே ஊர்ந்து போக வேண்டியிருக்கும்.

ஆயுதக் குழுக்களையும் கவனித்துப் பிரிக்க வேண்டும். ஏசி/20 தனிக் குழு, லேசர்கள் தனிக் குழு. குண்டு ஒரே நொடியில் கிளம்பிவிடும். லேசரோ எரிந்து முடியும்வரை குறியை எதிரி மேலேயே பிடித்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க நம் முகம் அவனுக்கு. அதனால் எதிரில் பெரிய மெக் இருந்தால் குண்டை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவன் கிடைத்தால் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்துவேன். கையில் இருக்கும் லேசருக்குத் தனிக் குறி உண்டு, அது டார்ஸோவின் குறியைவிடச் சுறுசுறுப்பாக நகரும். பக்கத்தில் ஓடும் லைட் மெக்கை அடிக்க அதுதான் கை கொடுக்கும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை 4ஜி நிம்மதியான மெக். அதன் உடன்பிறப்பு 4பி அப்படியில்லை. தோளில் மட்டும் ஆறு எனர்ஜி ஹார்ட்பாயிண்ட். எல்லாவற்றிலும் லேசரை அடைத்து ஒன்றாக அழுத்தினால் சூட்டுமானி ஒரே தாவலில் ஏறும். ஒரே வகை ஆயுதத்தை வரம்புக்கு மேல் ஒரே சமயத்தில் சுட்டால் கூடுதல் சூடு தண்டமாக வரும். ஆட்டக்காரர்கள் இதைக் கோஸ்ட் ஹீட் என்பார்கள். அரை நொடி இடைவெளி விட்டு இரண்டு குழுவாகச் சுட்டால் அந்தத் தண்டம் கிடையாது. எந்த வரைபடத்தில் ஆடப் போகிறோம் என்பது மெக்கைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஓட்டெடுப்பில் முடிவாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எரிமலைக் குழம்பு ஓடும் டெர்ரா தெர்மாவில் சூடு மெதுவாகத்தான் இறங்கும், பனி உறைந்த ஃப்ரோஸன் சிட்டியில் வேகமாக இறங்கும். அதனால் லோட்அவுட்டை வெப்பமான வரைபடத்தில் வைத்தே சோதிக்கிறேன். மெக்லேப்பிலிருந்து டெஸ்டிங் கிரவுண்ட்ஸுக்குள் போனால் வரைபடத்தை நாமே தேர்ந்தெடுத்து, நிற்கும் மெக்குகள் மேல் சுட்டுப் பார்க்கலாம். புது லோட்அவுட் எதையும் அங்கே சூடேற்றிப் பார்க்காமல் களத்துக்குக் கொண்டுபோவதில்லை.

அப்புறம் ஸ்கில் ட்ரீ, அதாவது மெக்கின் திறன்களைக் கூட்டப் புள்ளிகளைச் செலவிடும் கிளைகள். மெக்குக்கு 91 புள்ளி. 4ஜி-க்கு நான் அதிகம் போட்டிருப்பது சர்வைவல் கிளையில். கவசத்தையும் உள்கட்டமைப்பையும் கெட்டிப்படுத்தும் முனைகள்தான் இந்தத் தோளுக்கு ஆயுள். மிச்சத்தில் ஒரு பங்கு பீரங்கி சீக்கிரம் தயாராவதற்கு, ஒரு பங்கு உடம்பு வேகமாகத் திரும்புவதற்கு. சென்ஸார் கிளையை ஏறக்குறைய தொடவே இல்லை. 270 மீட்டரில் எதிரியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இந்த ஆட்டம் புதியவர்களுக்கு இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் உண்மையான வருத்தம். இலவசமாகக் கிடைக்கும் ட்ரையல் மெக்குகளில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற முடியாது. அதனால் முதல் மெக்கை வாங்கும்வரை மெக்லேப் என்பது பார்வைக்கு மட்டும். முதல் 25 ஆட்டங்களுக்குக் கிடைக்கும் கேடட் போனஸில் நல்ல தொகை சேரும். அதை வைத்து ஒரு 100 டன் அட்லஸை வாங்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அதற்குப் பதில் ஹன்ச்பேக் போல நடுத்தர எடையுள்ள ஒரு மீடியம் மெக்கை வாங்கிவிட்டு, மிச்சத்தில் டபுள் ஹீட் சிங்க், எண்டோ ஸ்டீல், லைட் ஃப்யூஷன் எஞ்சின் என்ற வரிசையில் செலவிடுங்கள். எஞ்சினை ஒரு மெக்கிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம். என் 250-ஐ இன்றும் இரண்டு மூன்று மெக்குகளுக்கு மாற்றி மாற்றித்தான் போடுகிறேன்.

ஆட்டத்தின் மற்றொரு பிரிவான க்ளானின் ஆம்னிமெக்குகளில் இந்த வசதி இல்லை. அவற்றில் ஒன்றான டிம்பர் வுல்ஃபின் எஞ்சின் 375-தான், மாற்ற முடியாது. அங்கே ஆம்னிபாட் எனப்படும் கை கால் தோள்களையே மாற்றி ஹார்ட்பாயிண்டைக் கூட்டிக் குறைக்கலாம். அது முற்றிலும் வேறு கணக்கு, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். முதல் மெக்காக அதை எடுக்காதீர்கள் என்பது மட்டும் இப்போதைக்கு. ஹன்ச்பேக்கிலேயே 4எஸ்பி என்று ஒன்று இருக்கிறது. ஆயுதங்கள் இரண்டு தோளிலும் சமமாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஆடுவது பிடிக்கவில்லை என்றால் அதில் தொடங்கலாம்.