500 கிராம் ஈட்டி: மூன்று மாதம் எறிந்து பார்த்த பிறகு

நாங்கள் ஆற்காட்டுக்காரர்கள். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன ஜூனில் வேலூர் பஜார் பக்கம் ஒரு சின்ன விளையாட்டுச் சாமான் கடையில் அவளுக்கு 500 கிராம் அலுமினிய ஈட்டி வாங்கினேன், 2,400 ரூபாய். மூன்று மாதமாக வாரத்துக்கு நாலு நாள் பள்ளி மைதானத்திலும் பாலாற்று மணலிலும் எறிகிறாள். பிள்ளைக்கு ஜாவ்லின் தேடி அலைகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் அவள் எடுத்தது 800 கிராம் ஈட்டியை. நீரஜ் சோப்ரா எறிவது அதுதானே. 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் இரண்டாவது வாய்ப்பில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இதே நினைப்புதான். கடைக்காரப் பெரியவர் அதை மெதுவாக வாங்கி மேலே வைத்துவிட்டு, "பாப்பா, அது ஆம்பளைங்க எறியறது. உனக்கு இன்னா வயசு?" என்று கேட்டார். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு 500 கிராம், பையன்களுக்கு 700, பெரிய பெண்களுக்கு 600, ஆண்களுக்கு 800 என்று அவரே கணக்குச் சொன்னார். எங்களுக்கு விவரம் தெரியாது என்று விலை கூடின ஈட்டியைத் தள்ளிவிட்டிருக்கலாம், அவர் அதைச் செய்யவில்லை. எறியும்போது முழங்கையில் விழும் இழுப்பு சாதாரணமானது இல்லை. 2018இல் காமன்வெல்த்திலும் ஆசிய விளையாட்டிலும் தங்கம் வாங்கிய நீரஜே அடுத்த வருஷம் முழங்கையில் ஆபரேஷன் செய்துகொண்டு, தோஹா உலகப் போட்டிக்குப் போகாமல் இருந்துவிட்டார். வளரும் பிள்ளையின் கையில் கனமான ஈட்டியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பெரியவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்று 500 கிராம் ஈட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். ஒன்று 494 காட்டியது, போட்டியில் 500க்குக் குறைந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஒதுக்கிவிட்டார். மீதி இரண்டையும் ஆள்காட்டி விரல் மேல் படுக்க வைத்துப் பார்த்தார். ஒன்று கைப்பிடிக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி நின்றது, இன்னொன்று சரியாகக் கயிற்றுக்கு உள்ளேயே ஆடாமல் நின்றது. அதைத்தான் கொடுத்தார். இந்த எடை நிற்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கதையே இருக்கிறது. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்துவிட்டார், இப்படியே போனால் மைதானம் போதாது, ஈட்டி தரையில் தட்டையாக விழுந்து, முனை முதலில் பட்டதா இல்லையா என்று தகராறு வேறு. 1986இல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 செ.மீ. முன்னால் தள்ளினார்கள், மூக்கு சீக்கிரம் கீழே சாய ஆரம்பித்தது. அதே ஹோன்தான் பின்னாளில் கொஞ்ச காலம் நீரஜுக்குக் கோச்சாக இருந்தார்.

ஈட்டியோடு ஒரு பிவிசி பைப்பும் வெட்டிக் கொடுத்தார்கள், உள்ளே போட்டு இரண்டு பக்கமும் துணி அடைத்து. நல்லவேளை. இரண்டு மீட்டர் சாமானை ஆற்காடு பஸ்ஸில் ஏற்றியதும் கண்டக்டர் "இன்னாமா, கொடிக்கம்பமா?" என்றார். "ஜாவ்லின்ணா" என்று இவள் சொன்னதும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தானே வாங்கிச் சாய்த்து வைத்தார்.

இனி குறை. ஆகஸ்டில் இரண்டு நாள் மழையில் நனைந்ததும் கைப்பிடிக் கயிற்றின் பின்முனை அவிழ்ந்து, நடுவிரல் பிடிக்கிற இடத்தில் வழுக்க ஆரம்பித்தது. நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் ஸ்டிட்சிங்கில் வேலை செய்கிறவள், நூலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: முனையைச் சுற்றுக்கு அடியில் இழுத்துச் செருகாமல் வெறும் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். விலைக்கு இது பெரிய குறைதான். கடைக்குக் கொண்டுபோனேன், பேச்சே இல்லாமல் இருபது நிமிஷத்தில் புதுக் கயிறு இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனாலும் போய் வந்ததில் எனக்கு அரை நாள் சம்பளம் போச்சு. வாங்கும்போதே அந்த முனையை நகத்தால் கிளறிப் பாருங்கள். கெட்டித் தரையில் எறிந்தால் முனை சீக்கிரம் மழுங்குகிறது, அதனால்தான் பாதி நாள் ஆற்று மணலுக்குப் போகிறோம்.

மூங்கில் ஈட்டி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆரம்பத்துக்குப் போதும், இவளும் பள்ளியில் ஒரு வருஷம் அதைத்தான் எறிந்தாள். அன்னு ராணி மீரட் பக்கம் ஒரு கிராமத்தில் கரும்பை எறிந்து பழகியவர், 2014 ஆசிய விளையாட்டில் வெண்கலம், ஒன்பது வருஷம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 62.92 மீட்டருக்குத் தங்கம். எங்கள் பக்கமும் கரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூங்கில் ஒன்றுபோல் ஒன்று எடை இருக்காது, காற்றில் உதறும், தப்பு கையிலா ஈட்டியிலா என்று பிள்ளைக்குப் புரியாது. மூங்கிலில் 21 மீட்டர் தாண்டாதவள் இப்போது 26க்கு வந்திருக்கிறாள், அதில் பாதிக்கு மேல் பி.டி. டீச்சரின் உழைப்பு.

500 கிராம் எப்போதும் கடையில் இருக்காது, போன் செய்துவிட்டுப் போங்கள். மூன்றையாவது எடுத்துத் தராசில் வைக்கச் சொல்லுங்கள், பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.